காவல் நிறுவனங்களும் நியமன அதிகாரமும்: அரசியலமைப்புப் பேரவை பற்றிய ஒரு விமரிசன நோக்கு

மகாவமிசத்தின் ஆசிரியர் எல்லாளனைப் பற்றிக் கூறுமிடத்து, அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் அரசோச்சிய அம்மன்னனின் படுக்கைத் தலைமாட்டில் மணியொன்று தொங்கியதென்றும், நீதி வேண்டி வருவோர் எவரும் அதனை ஒலிக்கத்தக்கதாக நீண்டதொரு கயிறு அதனுடன் பிணைக்கப்பட்டிருந்ததென்றும் எழுதிச் செல்கின்றார். இக்கதை வழக்கமாக மன்னனின் செங்கோன்மைக்குச் சான்றாக எடுத்தாளப்படுவது. ஆயின் அரசறிவியல் பயிலும் மாணவன் ஒருவன் அதனை வேறு வகையிலும் வாசித்தல் கூடும். மணியைத் தொங்கவிட்டவன் மன்னனே. கயிற்றின் நீளத்தை நிர்ணயித்தவனும் அவனே. உறக்கம் கெடுகிறதென்று ஒருநாள் அவன் அதனை அவிழ்த்து வைத்திருந்தால், அவிழ்த்தது பிழையென்று கூறுவதற்கு அந்நாட்டில் வேறு மணி இருந்திராது. வள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' என ஓர் அதிகாரம் வகுத்து, இடித்துரைப்பாரைத் துணையாகக் கொள்ளாத வேந்தன் பகைவர் இன்றியும் கெடுவான் என்னும் கருத்தை நிலைநாட்டுகின்றார். அங்கும் துணைக்கொள்ளுதல் என்னும் வினைக்கு எழுவாய் வேந்தனே. முடியாட்சியில் வேறோர் எழுவாயை எதிர்பார்த்தல் பொருந்தாது.

மக்களாட்சி அரசியலமைப்புக்கள் அந்த எழுவாயை மாற்ற முனைந்தவை. ஆள்வோனை இடித்துரைக்கும் நிறுவனங்களை ஆள்வோனின் விருப்பத்துக்கு விடாது சட்டத்தாலே நிறுவுதல் அவற்றின் நோக்கம். கணக்காய்வாளர் அதிபதி, பொதுச் சேவை ஆணைக்குழு, நீதிச் சேவை ஆணைக்குழு, தேர்தல்கள் ஆணைக்குழு, மனித உரிமைகள் ஆணைக்குழு, இலஞ்ச ஊழல் ஆணைக்குழு என இன்று இலங்கையில் இவற்றின் பட்டியல் நீளமானது. இப்பட்டியலின் நீளத்தைக் கொண்டே சனநாயகத்தின் ஆரோக்கியத்தை அளக்கும் வழக்கமும் நம்மிடையே வளர்ந்துவிட்டது. மேடைகளில் மட்டுமன்றி விரிவுரை மண்டபங்களிலும், எத்தனை ஆணைக்குழுக்கள், அவற்றில் எத்தனை உறுப்பினர், அவர்களுள் எத்தனை பேர் அரசியல்வாதிகள் அல்லாதோர் என்னும் எண்ணிக்கைகளே பேசப்படுகின்றன. இக்கட்டுரையாளனின் கருத்தில் இவை இரண்டாந்தரமான வினாக்கள். முதல் வினா வேறு. நியமிக்க வேண்டியவர் நியமிக்காது வாளாவிருந்தால் நிகழ்வது யாது? இதற்குச் சட்டவாசகம் விடை சொல்கின்றதா, மௌனம் சாதிக்கின்றதா என்பதிலேயே ஒரு காவல் நிறுவனத்தின் வாழ்வும் சாவும் தங்கியிருக்கின்றன. 2001 முதல் 2022 வரை இந்நாட்டு அரசியலமைப்புக்குச் செய்யப்பட்ட 17ஆம், 18ஆம், 19ஆம், 20ஆம், 21ஆம் திருத்தங்களை இந்நோக்கிலே பயில்வதற்கு இக்கட்டுரை முயல்கின்றது.

அதற்கு முன் சிறிது பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். சோல்பரி அரசியலமைப்பு இவ்விடயத்தில் நாம் எண்ணுவதிலும் பார்க்கத் தெளிவானது. நீதி அலுவலர் நியமனத்தை அது நீதிச் சேவை ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. பொதுச் சேவைக்கும் ஓர் ஆணைக்குழுவை வைத்தது. அத்தெளிவின் பயனை 1964இல் கோமறைக் கழகம் தீர்த்த 'இலஞ்ச ஆணையாளர் எதிர் இரணசிங்க' வழக்கிற் காணலாம். இலஞ்சக் குற்றங்களை விசாரிப்பதற்கென 1958ஆம் ஆண்டின் சட்டம் நியாயசபைகளை உருவாக்கியிருந்தது. அவற்றின் உறுப்பினர் நீதி அமைச்சரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதியால் நியமிக்கப்பட்ட குழுவொன்றிலிருந்து எடுக்கப்பட்டனர். நீதி அலுவல் செய்வோரை நீதிச் சேவை ஆணைக்குழுவே நியமிக்கலாம் என்னும் யாப்பு விதி மீறப்பட்டதென்றும், அவ்விதியை மாற்றுவதற்குத் தேவையான மூன்றிலிரண்டு பெரும்பான்மைக்கான சபாநாயகரின் சான்றிதழ் அச்சட்டமூலத்துக்கு இல்லையென்றும் கோமறைக் கழகம் கண்டது. நியாயசபையின் தீர்ப்புச் செல்லாதாயிற்று. இலஞ்சத்தைத் தண்டிக்கப் புறப்பட்டதொரு காவல் நிறுவனம், மற்றொரு காவல் நிறுவனத்தைத் தாண்டி நியமிக்கப்பட்ட காரணத்தால் வீழ்ந்தது. நல்ல நோக்கமும் நியமன முறையின் பிழையைப் பொறுப்பிக்கவில்லை. நம் மாணவர் இவ்வழக்கைப் பாராளுமன்ற இறைமையின் எல்லை பற்றிய வழக்காக மாத்திரமே மனனம் செய்கின்றனர். அதன் மறுபாதி பெரும்பாலும் பரீட்சைக்கு வருவதில்லை.

சோல்பரி யாப்பை நாம் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. அதன் 29ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குப் பாரபட்சமான சட்டங்களைத் தடைசெய்தது. தனிச் சிங்களச் சட்டம் அப்பிரிவுக்கு முரணானதா என்னும் வினா, சம்பள உயர்வு மறுக்கப்பட்ட தமிழ் அரசாங்க எழுதுவினைஞர் ஒருவரால் கோடீஸ்வரன் வழக்கில் எழுப்பப்பட்டது. 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் சார்பாகத் தீர்த்தது. அரச ஊழியர் சம்பளத்துக்கு வழக்கிடவே முடியாதென உயர் நீதிமன்றம் அதனைத் தள்ளியது. 1969இல் கோமறைக் கழகம் அந்தத் தடையை மட்டும் நீக்கி, மூல வினாவை மீளவும் இலங்கை நீதிமன்றத்துக்கே அனுப்பியது. அதற்கு விடை கிடைக்குமுன் 1972ஆம் ஆண்டின் யாப்பு வந்து பிரிவையே இல்லாதொழித்தது. ஒரு விதி இருந்தும், அதனைக் காக்கவேண்டிய நிறுவனங்கள் காலத்திற் பேசாமையால் இல்லாததற்குச் சமமாகலாம் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை நம் வரலாற்றிற் காண்பது அரிது.

1972ஆம் ஆண்டின் யாப்பை ஆக்கியோர், சிறப்பாகக் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா, தேசிய அரசுப் பேரவையே மக்களின் இறைமையை ஏந்திய உன்னத நிறுவனம் என்று கொண்டனர். மக்கள் தெரிந்தெடுத்தவரை மக்கள் தெரிந்தெடுக்காத ஆணைக்குழு தடுப்பதெவ்வாறு என்பது அவர்தம் வினா. அதன்படி அரச ஊழியர் நியமனம் அமைச்சரவைக்குச் சென்றது. ஆணைக்குழுக்களின் இடத்தில் அரச சேவைகளுக்கும் நீதிச் சேவைகளுக்கும் ஆலோசனைச் சபைகள் வந்தன. பெயரே அவற்றின் வலுவை உரைத்துவிடுகின்றது. 1978ஆம் ஆண்டின் யாப்பு இவ்வொழுக்கைத் திருத்தவில்லை. பொதுச் சேவை ஆணைக்குழு என்னும் பெயரை அது மீட்டதாயினும், நியமன அதிகாரத்தை அமைச்சரவையிடமே வைத்து, அமைச்சரவை விரும்பினால் ஆணைக்குழுவுக்குக் கையளிக்கலாம் என்றது. உயர் நீதிமன்ற நீதியரசரைத் தெரிதல் ஜனாதிபதியின் தனியுரிமையாயிற்று. நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர் என்றொரு புதிய பதவி தோன்றியது உண்மையே. ஆயினும் 1981ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் பொதுமகன் அவரிடம் நேரே முறையிட முடியாது; முறைப்பாடு பாராளுமன்றத்தின் பொதுமனுக் குழு வழியே சென்று சேரவேண்டும். 1994இல் இவ்விதி தளர்த்தப்படும்வரை மணி ஓரிடத்திலும் கயிறு வேறோரிடத்திலும் இருந்தன என்று கூறின் மிகையாகாது.

இப்பின்னணியிலேதான் 2001 ஒக்தோபர் 3ஆந் திகதி சான்றுப்படுத்தப்பட்ட 17ஆம் திருத்தத்தை வைத்து நோக்கவேண்டும். பாராளுமன்றப் பெரும்பான்மையை இழந்து தத்தளித்த அரசாங்கத்துக்கு ஆதரவு வழங்குதற்கு மக்கள் விடுதலை முன்னணி விதித்த நிபந்தனைகளுள் ஒன்றாக அது பிறந்தது. பிறப்பு எத்தகையதாயினும் பிள்ளை அழகானதே. பதின்மர் கொண்ட அரசியலமைப்புப் பேரவை அதனால் நிறுவப்பட்டது. சபாநாயகர், பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர் ஆகிய மூவர் பதவிவழி உறுப்பினர். ஒருவர் ஜனாதிபதியின் நியமனம். ஐவர் பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் கூட்டாகப் பெயரிடுவோர்; அவருள் மூவர் சிறுபான்மைச் சமூகங்களின் பிரதிநிதிகளைக் கலந்து தெரியப்பட வேண்டியவர். எஞ்சிய ஒருவர் ஏனைய கட்சிகளின் உறுப்பினர் பெரும்பான்மையாற் பெயரிடப்படுவர். இப்பேரவையின் விதப்புரை இன்றி எந்த ஆணைக்குழுவுக்கும் ஜனாதிபதி எவரையும் நியமித்தலாகாது. எழுவாய் மாறிவிட்டது என அன்று பலர் மகிழ்ந்ததில் வியப்பில்லை.

ஆனால் வாசகத்தை ஊன்றிப் படிக்கும்போது குறை புலனாகும். பெயர்கள் எழுத்தில் கிடைத்தவுடன் ஜனாதிபதி தாமதமின்றி நியமனங்களைச் செய்தல் வேண்டும் என்று யாப்புக் கூறியது. செய்யாவிடில் யாது என்று கூறவில்லை. விதப்புரை இன்றி நியமிக்கலாகாது என்று கூறிய யாப்பு, விதப்புரை கிடைத்த பின்னும் நியமிக்காது விடுவதற்கு மருந்து எழுதவில்லை. செய்கையைக் கட்டிய சட்டம் செய்யாமையைக் கட்டாது விட்டது. சட்டவரைஞர் கடமையை எழுதியபோது, அக்கடமைக்கு உரியவர் அதனை இயல்பாகவே நிறைவேற்றுவார் என்று நம்பியிருக்கவேண்டும். அந்நம்பிக்கையே எல்லாளனின் மணிக் கதையின் நம்பிக்கையும்.

சோதனை தொடக்கத்திலேயே வந்தது. தேர்தல்கள் ஆணைக்குழுவுக்குப் பேரவை விதப்புரை செய்த தலைவரை நியமிக்க அன்றைய ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க உடன்படவில்லை. திருத்தத்தைக் கொணர்ந்த ஆட்சியின் தலைவியே திருத்தத்தின் முதன்மையான ஆணைக்குழுவைப் பிறவாமற் செய்தார் என்பது கவனிக்கற்பாலது. பழி ஒரு கட்சிக்கு மட்டும் உரியதன்று. ஆணைக்குழு அமையும்வரை பதவியிலிருக்கும் தேர்தல் ஆணையாளரே தொடரவேண்டும் என்பது நிலைமாறுகால விதி. ஆதலால் தேர்தல் ஆணையாளர் தயானந்த திசாநாயக்க, தம்மை விடுவிக்குமாறு வெளிப்படையாகக் கேட்டும், 2011 வரை அப்பதவியிலே இருக்க நேர்ந்தது. ஒருவரைப் பதவியினின்று அகற்ற முடியாமை சுதந்திரத்தின் அடையாளம் எனப் பாடநூல்கள் கூறும். அவர் தாமே அகல முடியாமையை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்பது தெரியவில்லை.

பெரிய சோதனை 2005இல் நேர்ந்தது. 2002 மார்ச்சிலே பதவியேற்ற முதற் பேரவையின் நியமன உறுப்பினர்களது மூவாண்டுக் காலம் 2005 மார்ச்சில் ஒருங்கே முடிவுற்றது. கூட்டாகப் பெயரிட வேண்டிய ஐவரின் பெயர்கள் தெரிவிக்கப்பட்ட பின்னும், சிறு கட்சிகள் பெயரிடவேண்டிய ஒருவர் குறித்து இணக்கம் ஏற்படவில்லை. பத்தாவது ஆசனம் வெறுமையாயிருந்தமையைக் காரணங் காட்டிப் பேரவை முழுவதும் வெறுமையாக விடப்பட்டது. பின்னர் அந்த ஒருவரின் பெயர் வந்தபோதும் நியமனம் நிகழவில்லை. இதற்கிடையில் 2006இல் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச பொதுச் சேவை ஆணைக்குழு, தேசிய பொலிஸ் ஆணைக்குழு, மனித உரிமைகள் ஆணைக்குழு ஆகியவற்றுக்குப் பேரவையின் விதப்புரை இன்றித் தாமே உறுப்பினரை நியமித்தார். நீதிமன்றை நாடியோருக்கு யாப்பின் 35ஆம் உறுப்புரை வழங்கிய ஜனாதிபதியின் விடுபாட்டுரிமை மதிலாக நின்றது. ஒரு கதவுக்கு இரண்டு பூட்டுக்கள்: செய்யாமைக்கு விளைவு கூறாத மௌனம் ஒன்று, அம்மௌனத்தை நீதிமன்றம் வினவவும் இடந்தராத விடுபாட்டுரிமை மற்றொன்று.

இதனை வெறும் சட்ட நுணுக்கம் எனத் தள்ளுவோர், ஆண்டை மறத்தலாகாது. 2006 முதல் 2009 வரையான காலம் போர் மீண்டும் மூண்டு முடிந்த காலம். ஆட்கடத்தல், காணாமற்போதல் பற்றிய முறைப்பாடுகள் குவிந்த காலம். மகனையோ கணவனையோ தேடி மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அலுவலகப் படியேறிய பெண்ணொருத்தி, அந்த ஆணைக்குழுவே யாப்புக்கு மாறாக அமைந்ததென்பதை அறிந்திருக்கமாட்டாள். உலகம் அறிந்திருந்தது. தேசிய மனித உரிமை நிறுவனங்களைத் தரப்படுத்தும் சர்வதேச இணைப்புக் குழு 2007இல் நம் ஆணைக்குழுவை முதற்றரத்தினின்று இரண்டாந் தரத்துக்கு இறக்கியது. நியமன முறையின் பிழை அதற்குக் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. முதற்றரம் மீளக் கிடைத்தது 2018இலேதான். அவ்விடைப்பட்ட ஆண்டுகளில் அப்படிகளில் ஏறியிறங்கியோருக்கு அந்நிறுவனம் யாது செய்திருக்கக்கூடும் என்று கணக்கிடுதல் இயலாது. ஆனால் காவல் நிறுவனம் மிகவும் வேண்டப்பட்ட வேளையிலே அது தன் வேரையிழந்து நின்றது என்பதை மறுத்தற்கில்லை.

2010 செப்ரெம்பர் 8இல், 17 வாக்குக்கு எதிராக 161 வாக்குக்களால், அவசர சட்டமூலமாக நிறைவேறிய 18ஆம் திருத்தம் ஒருவகையில் நேர்மையானது. 17ஆம் திருத்தத்தை நடைமுறையிற் கொன்றபின் அது ஏட்டிலும் அடக்கஞ் செய்தது. பேரவையின் இடத்தில் பாராளுமன்றப் பேரவை வந்தது: பிரதமர், சபாநாயகர், எதிர்க்கட்சித் தலைவர், பின்னும் இரு பாராளுமன்ற உறுப்பினர். ஜனாதிபதி அவர்களின் அவதானிப்புக்களைக் கோருதல் வேண்டும். ஒரு வாரத்தில் அவை கிடையாவிடின் தாமே நியமிக்கலாம். இவ்விடத்தே ஒரு விசித்திரம் உண்டு. கால எல்லையும், எல்லை கடந்தால் விளையும் பயனும் 17ஆம் திருத்தத்தில் இல்லை. 18ஆம் திருத்தத்தில் உண்டு. கண்காணிக்க வேண்டியவரின் மௌனத்துக்கே இப்போது விளைவு எழுதப்பட்டது. மௌனம் பற்றிய விதியை எழுதும் ஆற்றல் நம் சட்டவரைஞருக்கு இல்லாதிருந்ததன்று. எவருடைய மௌனத்துக்கு எழுதுவது என்பதே அரசியல்.

2015 ஏப்ரில் 28இல் நிறைவேறிய 19ஆம் திருத்தம் அவ்வாற்றலை மறுபக்கம் திருப்பியது. பேரவை மீண்டது. பேரவைக்கான பெயர்கள் கிடைத்து 14 நாட்களுள் ஜனாதிபதி நியமிக்காவிடின், பெயரிடப்பட்டோர் நியமிக்கப்பட்டவராகவே கருதப்படுவர் என அது விதித்தது. ஆணைக்குழுக்களுக்குப் பேரவை விதப்புரை செய்வோருக்கும் இவ்வாறே. 'கருதப்படுதல் வேண்டும்' என்னும் இவ்வாசகத்தை, நம் யாப்பு வரைதலில் நிகழ்ந்த மிகச் சிறந்த முன்னேற்றமாக இக்கட்டுரையாளன் மதிக்கின்றான். பேரவையில் சிவில் சமூகத்தினர் எத்தனை பேர் என்று நடந்த நீண்ட விவாதத்தில் இவ்வாசகம் பெரும்பாலோர் கண்ணில் படவேயில்லை. இரண்டாவது பூட்டையும் அத்திருத்தம் திறந்தது: ஜனாதிபதியின் உத்தியோகபூர்வச் செயல்களைச் சட்டத்துறை அதிபதிக்கு எதிரான அடிப்படை உரிமை வழக்கின் மூலம் வினவ 35ஆம் உறுப்புரையில் இடம் விடப்பட்டது.

பயன் மூன்றாண்டில் தெரிந்தது. 2018 ஒக்தோபர் 26இல் பிரதமர் பதவிநீக்கப்பட்டு, நவெம்பர் 9இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது, கலைப்பை எதிர்த்து நீதிமன்றம் சென்றோருள் தேர்தல்கள் ஆணைக்குழுவின் மூன்று உறுப்பினருள் ஒருவரான பேராசிரியர் இரத்தினஜீவன் கூலும் இருந்தார். கலைத்த ஜனாதிபதிக்கு எதிராக, தேர்தலை நடத்தவேண்டிய ஆணைக்குழுவின் உறுப்பினரே வழக்காடினார். 'சம்பந்தன் எதிர் சட்டத்துறை அதிபதி' என அறியப்படும் அவ்வழக்கில், டிசெம்பர் 13இல் ஏழு நீதியரசர் கொண்ட ஆயம் கலைப்பு யாப்புக்கு முரணானதெனத் தீர்த்தது. 2005க்கும் 2018க்கும் இடையில் மனிதர் அறத்தில் உயர்ந்துவிட்டனர் என்று கொள்ளுவதற்குச் சான்றில்லை. வாசகம் மாறியிருந்தது.

எனினும் 19ஆம் திருத்தத்தைப் புகழ்ந்தோர் ஒன்றை மறைத்தனர், அல்லது மறந்தனர். 212 பேர் ஆதரித்து ஒருவர் மாத்திரம் எதிர்த்த அந்த வாக்கெடுப்பை நடத்தியது, 2010இல் தெரியப்பட்ட அதே பாராளுமன்றமாகும். 18ஆம் திருத்தத்துக்கு மூன்றிலிரண்டு கொடுத்ததும் அதுவே. இது ஒரு தடவை நிகழ்ந்த விபத்தன்று. 2020 ஓகத்தில் தெரியப்பட்ட பாராளுமன்றம், அவ்வாண்டு ஒக்தோபர் 22இல் 156க்கு 65 என 20ஆம் திருத்தத்தை நிறைவேற்றிப் பேரவையை மீண்டும் கலைத்தது. கணக்காய்வுச் சேவை ஆணைக்குழுவையும் தேசிய பெறுகை ஆணைக்குழுவையும் அடியோடு நீக்கியது. சரியாக ஈராண்டின் பின், பொருளாதாரம் சரிந்து மக்கள் தெருவில் இறங்கி ஜனாதிபதி நாட்டைவிட்டகன்ற பின், 2022 ஒக்தோபர் 21இல் அதே பாராளுமன்றம் 179க்கு 1 என 21ஆம் திருத்தத்தை நிறைவேற்றி எல்லாவற்றையும் மீட்டது. மூன்றிலிரண்டு பெரும்பான்மை யாப்பின் அரண் என்று நாம் கற்பிக்கின்றோம். இந்நாட்டில் அது பெரும்பாலும் நிறைவேற்று அதிகாரத்தின் நிழலாகவே இருந்துவந்துள்ளது. சூரியன் இடம் மாறும்போது நிழலும் மாறுகின்றது.

இனி, பேரவையை எதிர்ப்போரின் தருக்கத்தையும் நேர்மையாக நோக்குதல் வேண்டும். மக்களாற் தெரியப்பட்ட ஜனாதிபதியின் கையை மக்கள் தெரியாத சிலர் கட்டுவது சனநாயகமா என 1972ஆம் ஆண்டின் குரலே இன்றும் ஒலிக்கின்றது. இவ்வாட்சேபத்துக்கு அஞ்சியே 19ஆம் திருத்தத்தில் பேரவையின் பதின்மருள் எழுவர் பாராளுமன்ற உறுப்பினராக்கப்பட்டனர், வெளியார் மூவரே. 21ஆம் திருத்தமும் அவ்வளவையே பேணியது. ஆதலின் இன்று அந்த ஆட்சேபத்துக்கு வலு குறைவு. அதற்கு மாறாக, எழுவர் அரசியல்வாதிகள் இருக்கும் பேரவை எவ்வாறு அரசியலினின்று விலகி நிற்கும் எனக் கேட்போரின் வாதமே வலுவானது. ஆயினும் அவர்களுக்கும் ஒன்று சொல்லலாம். பேரவை புனிதர் சங்கமாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. ஒரே மனிதனின் கையிலிருந்த முடிவு பல கைகளுக்கிடையே சென்று சேரும்போது அது வெளிச்சத்துக்கு வருகின்றது. எவர் ஆதரித்தார், எவர் எதிர்த்தார், எந்தக் காரணத்தால் என்னும் வினாக்கள் அப்போதுதான் எழும்.

2024இல் அவ்வாறே எழுந்தன. பேரவையின் முடிவு ஏகமனதானதாக இல்லாவிடின், சமுகமளித்தோருள் ஐவரேனும் ஆதரித்தாலன்றி அது வலிதாகாது. தலைமை வகிப்பவருக்கு மூல வாக்கு இல்லை, இருபக்கமும் வாக்குச் சமமாகும்போது அறுதியிடும் வாக்கு மட்டும் உண்டு. பொலிஸ் மா அதிபர் நியமனத்துக்கு நால்வர் ஆதரவளிக்க, இருவர் எதிர்க்க, இருவர் வாக்களியாதிருந்தனர் என்றும், அதனைச் சமவாக்காகக் கொண்டு சபாநாயகர் தம் வாக்கைச் சேர்த்து ஐந்தாக்கினார் என்றும் உயர் நீதிமன்றில் மனுதாரர் வாதிட்டனர். வாக்களியாமை எதிர்வாக்கா, வெறும் மௌனமா? மீண்டும் மௌனத்தின் பொருள் பற்றிய வழக்கே. 2024 யூலை 24இல் நீதிமன்றம் அவ்வலுவலர் பதவியிற் செயற்படுவதை இடைக்காலக் கட்டளையால் நிறுத்தியது. எட்டுப் பேர் கொண்ட கூட்டத்தில் நான்கும் இரண்டும் சமமென்று கணக்கிடுவதற்கு எண்கணிதத்தில் வழியில்லை என்பது தெளிவு. அவ்வளவு எளிய கணக்கைத் தீர்த்துக்கொள்ளவும் நாம் நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தை நாடவேண்டியிருந்தது.

இறுதியாக, 21ஆம் திருத்தம் தீர்க்காது விட்ட முடிச்சு ஒன்றுண்டு. யாப்பிலே நியமன முறைகள் இரண்டு. ஒன்றின் வினைகள் மற்றொன்றில் தலைகீழாகின்றன. ஆணைக்குழுக்களைப் பொறுத்தவரை பேரவை விதப்புரை செய்யும், ஜனாதிபதி நியமிப்பார். அவர் வாளாவிருந்தால் 14 நாளில் சட்டமே நியமித்துவிடும். பிரதம நீதியரசர், சட்டத்துறை அதிபதி, கணக்காய்வாளர் அதிபதி, பொலிஸ் மா அதிபர் முதலிய பதவிகளைப் பொறுத்தவரை 41இ உறுப்புரையின்படி ஜனாதிபதி விதப்புரை செய்வார், பேரவை அங்கீகரிக்கும். இங்கே தொடக்க வினை ஜனாதிபதியினது. அவர் பெயர் எதனையும் அனுப்பாவிடினும், பேரவை ஏற்காத பெயரையே அனுப்பினும், 'கருதப்படுதல்' நிகழாது. நிகழ்தற்கு அங்கே பொருளும் இல்லை. இரு தரப்பும் தத்தம் உரிமைக்குள் நின்றபடியே பதவியை வெறுமையாக வைத்திருக்கலாம்.

2025 ஏப்ரிலில் கணக்காய்வாளர் அதிபதி ஓய்வுபெற்ற பின் நேர்ந்தது அதுவே. நிரந்தர நியமனமின்றி மாதங்கள் பல கழிந்தன; ஜனாதிபதியின் விதப்புரையைப் பேரவை ஏற்கவில்லை. இம்முறை இழுபறியின் ஒரு பக்கம் ஊழலொழிப்பையே வாக்குறுதியாகத் தந்து வந்த ஆட்சி என்பதால், யார் நல்லவர் என்னும் விவாதம் பத்திரிகைகளை நிறைத்தது. பேரவை சொந்த நிறுவனத்துக்குள்ளிருந்தே தெரியப்படவேண்டும் என்பாரும், வெளியாரே வேண்டும் என்பாரும் தத்தம் நியாயங்களை உரைத்தனர். 41இ உறுப்புரையின் வாசகத்தை எடுத்து வாசித்தோர் சிலரே. முதற் பெயர் மறுக்கப்பட்டால் இத்தனை நாளுள் வேறு பெயர் அனுப்பப்படவேண்டும், அனுப்பப்படாவிடின் தெரியும் உரிமை பேரவைக்குச் செல்லும், பேரவை மறுக்கும்போது காரணத்தை எழுத்தில் தருதல் வேண்டும் என்று மூன்று வரிகளை அவ்வுறுப்புரையிற் சேர்ப்பதற்குப் பெரும் புலமை வேண்டியதில்லை. அரசின் செலவைக் கணக்கிட வேண்டியவரின் நாற்காலியைப் பற்றி 2001இலே கேட்கத் தவறிய வினாவை 2022இலும் சட்டவரைஞர் கேட்கவில்லை: பெயர் வராவிட்டால்?